ஆமைக்கு வாய்ச்ச புகுந்த வீடு

ஒரு கல்லுக் கரடு, ஒரு குளம், ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஊரு. அந்த ஊர்ல முன்னொரு காலத்துல மாடத்தி மாடத்தின்னு ஒருத்தி இருந்தாளாம். அவளுக்குத் தலையில பூ வைக்க ஆசை கிடையாது, காதுல பாம்படம் போட ஆசை கிடையாது, பட்டுச்சேலை கட்ட ஆசை கிடையாது. ஊர்ந்து போற சீவன் எதைக் கண்டாலும் ஆசை. பல்லி, அரணை, ஓணான், உடும்பு, பாம்பு, எல்லாம் அவளுக்குச் சொந்தக்காரங்க. மத்தவங்க மேல பல்லி விழுந்தா தலையில விழுந்துச்சா தோள்ல விழுந்துச்சான்னு பலன் பாப்பாக, இவ பல்லிக்கு எங்கயாச்சும் அடிபட்டுச்சான்னு பாப்பா.

ஆனா அவ ஆசைப்பட்டது ஒண்ணாவது அவகிட்ட நின்னுச்சான்னு கேளுங்க. சின்னப் புள்ளையில ஒரு பல்லியைப் பிடிச்சா, அது வாலை மட்டும் கையில குடுத்துட்டு ஓடிப்போச்சு. குமரியா இருக்கையில வேலியில ஒரு ஓணான் உக்காந்து அவளைப் பாத்து தலையைத் தலையை ஆட்டுச்சு, சரி, நம்மகூட வரச் சம்மதிக்குதுன்னு கையை நீட்டுனா, அதுவும் ஓடிப்போச்சு. கல்யாணமாகி வந்தப்புறம் கூரையில ஒரு சாரைப்பாம்பு குடியிருந்துச்சு, மாடத்தி அதுக்கு முட்டை முட்டையா வச்சா, அது முட்டையைத் தின்னுச்சு, சட்டையை உரிச்சுப் போட்டுச்சு, ஓடியே போச்சு.

ஊர்ப் பொம்பளைக கேலி பண்ணுவாக. அவுகளுக்கு முந்தி மாடத்தியே தன்னைக் கேலி பண்ணிக்கிடுவா. "எனக்கென்ன குறைச்சல்? பெட்டியில ஒரு வாலு கிடக்கு, ஒரு சட்டை கிடக்கு. இன்னும் கொஞ்சம் சேந்தா முழுசா ஒரு சீவனைத் தச்சு எடுத்துருவேன்"னு சொல்லிச் சிரிப்பா. அவ புருசனும் ஒரு காய்ச்சல்ல கண்ணை மூடிட்டாரு. அன்னைக்கு மட்டும் அவளுக்குச் சிரிப்பு வரலை.

புள்ளை குட்டி கிடையாது. அவளுக்குன்னு மிஞ்சினது அந்த ஓட்டு வீடு, கொல்லையில ஒரு கிணறு, முத்தத்துல ஒரு முருங்கை மரம், அவ்வளவுதான். எதுத்த வீட்டுல அவ கொழுந்தன் கொம்பையா இருந்தான். வாசல்ல உக்காந்து வெத்தலை போடும்போதெல்லாம் அண்ணன் வீட்டு முருங்கையையே பாத்துக்கிட்டிருப்பான், மரத்தைப் பாக்கானா வீட்டைப் பாக்கானான்னு நீங்களே முடிவு பண்ணிக்கிடுங்க.

அந்த ஊர்ல ஒரு வழக்கம் உண்டு. ஆமை ஒரு வீட்டுக்குள்ள புகுந்துட்டா அந்த வீடு விளங்காதுன்னு நம்புனாக. வீட்டுக்காரங்களை வெளிய அனுப்பிருவாக, பங்காளி ஒருத்தன் வந்து பரிகாரம் பண்ணிட்டு வீட்டை எடுத்துக்கிடுவான். பரிகாரம் பண்ணினவனுக்கு மட்டும் அது எப்படி விளங்கும்னு யாரும் கேக்கலை. நீங்களும் கேக்காதிய, கதை நின்னு போயிரும்.

மாடத்தி விறகு பொறுக்கக் கரட்டுப் பக்கம் போகும்போது தரையில திரியிற கட்டாமை கண்ணுல படும், முதுகு பூராவும் கோலம் போட்டாப்பல இருக்கும். ஓடுற சாதியா இருந்தாத்தான நம்மை விட்டு ஓடும், இது நடக்கவே யோசிக்கிற சாதியாச்சே, இதை வளத்தா என்னன்னு அவளுக்குத் தோணும். கிட்டப் போவா, குனிவா, அப்புறம் விறகை மட்டும் தூக்கிக்கிட்டுத் திரும்பிருவா. இப்படியே பல வருசம் ஓடிப்போச்சு.

இதைக் கொம்பையா கவனிச்சுட்டான். கவனிச்சுட்டு, ஒரு நாள் வந்து நைசாக் கேட்டான். "ஏ மதினி, தனியாத்தான இருக்கிய, ஒரு ஆமையை வளக்கலாமே?"

"அது மெதுவா நடக்கும் கொழுந்தா, நான் அதை விட மெதுவு. இதுல யாரை யாரு வளக்கது?"ன்னா மாடத்தி.

இன்னொரு நாள் வந்தான். "மதினி, ஆமையைப் பத்தி யோசிச்சியளா?"

"யோசிச்சேன். நான் பேச வாயைத் தொறந்தா அது தலையை உள்ள இழுத்துக்கிடும். உங்க அண்ணன்கிட்ட அதைப் பாத்தாச்சு, இன்னொருக்கா பாக்கணுமா?"

மறுபடியும் வந்தான். "மதினி, உண்மையைச் சொல்லுங்க. ஏன் மாட்டேங்கிய?"

மாடத்தி இந்தத் தடவை சிரிக்கலை. "ஆமைக்கு ஆயுசு கெட்டி கொழுந்தா. நான் செத்தப்புறமும் அது இருக்கும். இத்தனை நாளும் எல்லாம் என்னை விட்டுப் போச்சு, தாங்கிக்கிட்டேன். நான் விட்டுட்டுப் போனா அதுக்கு யாரு கீரை போடுவா? அதான் பயமா இருக்கு"ன்னா.

கொம்பையா வீட்டுக்குப் போயி யோசிச்சான். இவளா வளக்கப் போறதில்லை, நாமளே ஒரு ஆமையைக் கொண்டுபோய் உள்ள விட்டுட்டு, தானாப் புகுந்துச்சுன்னு சொல்லிருவோம்னு நினைச்சான். கரட்டுக்குப் போயி ஒரு ஆமையைப் பிடிச்சுக் கூடையில போட்டுக் கொண்டுவந்தான். கொண்டுவந்தப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, அது ஆடி மாசம். ஆடியில யாராச்சும் புதுக் காரியம் தொடங்குவாகளா? அடுத்தவ வீட்டைப் பிடுங்கப் போறவனுக்கு நல்ல நாள் வேண்டியிருக்கு, பாத்தியளா.

சரி, ஆவணி பிறக்கட்டும்னு ஆமையைத் தன் வீட்டுலயே நெல்லுப் பத்தாயத்துக்குப் பின்னால ஒளிச்சு வச்சான். ஆமை நம்ம வீட்டுக்குள்ள புகுந்துருச்சேன்னு கொஞ்சம் உதறல் எடுத்துச்சு. அப்புறம் தன்னைத் தானே தேத்திக்கிட்டான். "கூடைதான் புகுந்துச்சு. ஆமை கூடைக்குள்ளல்லா இருக்கு"ன்னுட்டான். அது செத்துப் போயிரக் கூடாதேன்னு தினமும் பூசணிப் பூவாப் பறிச்சுப் போட்டான். ஆமையும் தின்னுச்சு தின்னுச்சு, ஆடி முடியிற வரைக்கும் தின்னுக்கிட்டே இருந்துச்சு.

ஆவணி பிறந்துச்சு. மாடத்தி குளத்துக்குக் குளிக்கப் போன நேரம் பாத்து, ஆமையைக் கொண்டுபோய் அவ வீட்டு உரல் பக்கத்துல விட்டுட்டு வந்துட்டான். மாடத்தி ஈரச்சேலையோட உள்ள வந்தா, உரலோரத்துல ஆமை நிக்குது. அவளுக்கு வீடு போகுமேன்னு தோணலை, ஊரு என்ன சொல்லும்னு தோணலை. "ஏ தாயி, என்னைத் தேடியா வந்த?"ன்னு அப்படியே தரையில உக்காந்துட்டா. அதுக்குள்ள கொம்பையா தெருவுல நின்னு, "ஐயோ, மதினி வீட்டுல ஆமை புகுந்துருச்சே"ன்னு கத்தி ஊரைக் கூட்டிட்டான்.

வழக்கு ராசாகிட்டப் போச்சு. அந்த ராசாவுக்கு மூளை கொஞ்சம் மெதுவாத்தான் நடக்கும், ஆனா நேரா நடக்கும். எல்லாத்தையும் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்.

"ஆமை புகுந்துச்சா, இல்லை புகுத்துனாகளா?"

"தானாத்தான் புகுந்துச்சு மகாராசா, என் கண்ணால பாத்தேன்"னான் கொம்பையா.

"மாடத்தி, நீ என்ன சொல்லுத?"

"நான் பாக்கலை மகாராசா. தானா வந்திருக்கும்னு எனக்கு ஆசை. ஆனா எங்கிட்ட எதுவும் தானா வந்த பழக்கம் கிடையாது"ன்னா மாடத்தி.

ராசா தாடியைத் தடவுனாரு. "தானாப் புகுந்த சீவன்னா மறுபடியும் தானாப் புகும். நாளைக்குக் காலையில ரெண்டு வீட்டுக்கும் நடுவுல தெருவுல விடுங்க. எந்த வீட்டுக்குள்ள புகுதோ அதுதான் ஆமை புகுந்த வீடு. யாரும் அதைத் தொடக் கூடாது"ன்னு தீர்ப்புச் சொல்லிட்டாரு.

விடிஞ்சுச்சு. ஊரே தெருவுல நின்னுச்சு, ராசா குடை பிடிச்சு உக்காந்துட்டாரு, கொம்பையா யாருக்கும் தெரியாம மாடத்தி வாசல்ல முருங்கைக் கீரையைத் தூவி விட்டிருந்தான். நடுத்தெருவுல ஆமையை வச்சாக. அது தலையை உள்ள இழுத்துக்கிட்டு இருந்துச்சு, இருந்துச்சு, இருந்துக்கிட்டே இருந்துச்சு. ராசாவே ஒரு தூக்கம் தூங்கி எந்திரிச்சாரு. கதை நகரலையேன்னு என்னை முறைக்காதிய, ஆமை நகர்ந்தாத்தான நானும் நகர முடியும்.

மாடத்தி தன் வாசப்படியில நின்னா. பொம்பளைக எல்லாம், "வாயைத் திறக்காத மாடத்தி, அது இங்க வந்தா உனக்கு வீடு போயிரும்"னு எச்சரிக்கை பண்ணியிருந்தாக. அவளும் முந்தானையை வாயில வச்சு அமுக்கிக்கிட்டுத்தான் நின்னா. ஆனா ஆமை தலையை நீட்டி அவளைப் பாத்துச்சு பாருங்க, அவளுக்கு நெஞ்சு தாங்கலை. வீடு போனாப் போகுது, வாழ்நாள்ல ஒருக்காலாவது ஒண்ணு என்னைத் தேடி வரட்டும்னு முந்தானையை எடுத்துட்டா. "வா தாயி, வா"ன்னு கூப்பிட்டுட்டா.

ஆமை அவ பக்கம் கொஞ்ச தூரம் வந்துச்சு. கொம்பையா பல்லைக் காட்டுனான். முருங்கைக் கீரையை மோந்து பாத்துச்சு. அப்புறம் நின்னுச்சு. அப்புறம் மெதுவா, ரொம்ப மெதுவா, அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்புச்சு.

ஊரே மூச்சை விட்டுச்சு. மாடத்தி மட்டும், "போச்சா? நீயும் போறியா? போ"ன்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டுச் சிரிச்சா.

ஆமை நேரா கொம்பையா வீட்டுக்குப் போச்சு. அவன் "சூ சூ"ன்னான், ராசா அவனைப் பாத்ததும் வாயை மூடிக்கிட்டான். படி ஏறிச்சு, தாழ்வாரத்தைத் தாண்டிச்சு, பத்தாயத்தைச் சுத்திக்கிட்டுப் பின்னால போச்சு. ராசாவும் பின்னாலயே போனாரு, ஊரும் பின்னாலயே போச்சு. அங்க கூடை இருந்துச்சு, கூடையைச் சுத்தி வாடின பூசணிப் பூ கிடந்துச்சு. ஆமை உக்காந்து பூவைத் தின்ன ஆரம்பிச்சுருச்சு.

"இது என்னவே?"ன்னாரு ராசா.

"கூடை மகாராசா."

"பூசணிப் பூ யாருக்குவே?"

கொம்பையா பூவைக் காலால தள்ளி மறைக்கப் பாத்தான். பயத்துல என்ன சொல்லுதோம்னு தெரியாம, "மகாராசா, சத்தியமா என் வீட்டுக்குள்ள ஆமை புகலை, கூடைதான் புகுந்துச்சு. ஆடி முடிஞ்சதும் மதினி வீட்டுல கொண்டுவிட்டுட்டேனே"ன்னு உளறிட்டான். கூட்டத்துல சிரிச்ச சிரிப்புல பத்தாயமே ஆடுச்சாம்.

ராசா சொன்னாரு. "மாடத்தி வீட்டுல புகுத்துனாக, கொம்பையா வீட்டுல புகுந்துச்சு. வழக்கப்படி கொம்பையா வீட்டை விட்டு இறங்கணும். அவன் பங்காளியோட பெஞ்சாதி மாடத்தி, அவளே பரிகாரம் பண்ணி இந்த வீட்டை எடுத்துக்கிடட்டும்."

கொம்பையா அவ கால்ல விழுந்துட்டான். மாடத்தி அவனைப் பாத்தா, ஆமையைப் பாத்தா. "மகாராசா, ஒரு வீட்டைக் கூட்டிப் பெருக்கவே என் இடுப்பு ஒத்துக்கிட மாட்டேங்குது, ரெண்டு வீட்டை வச்சு என்ன செய்ய? வீடு அவனுக்கே இருக்கட்டும். ஆமை எனக்கு வேணும். தினமும் காலையில அவன் அதுக்குக் கீரை கொண்டு வரணும். அவனுக்குப் பிறகு அவன் மகன், மகனுக்குப் பிறகு பேரன். ஆமை இருக்கிற வரைக்கும் கீரை நிக்கக் கூடாது. அதான் பரிகாரம்"னா.

ஆமை என்ன, இன்னும் கொஞ்ச நாள்தான இருக்கும்னு கொம்பையா உடனே தலையை ஆட்டுனான். ஆமைக்கு ஆயுசு கெட்டின்னு மதினி சொன்னப்போ அவன் காதுல வாங்கவே இல்லை.

ராசாவுக்கு ஒரே ஆச்சரியம். "நீ கெட்டிக்காரி மாடத்தி. அது அங்கதான் போகும்னு எப்படிக் கண்டுபிடிச்ச?"

"நான் எங்க மகாராசா கண்டுபிடிச்சேன்? நான் எங்கிட்ட வா வான்னுல்லா கூப்பிட்டேன். நான் ஆசைப்பட்டது எதுவும் எங்கிட்ட நிக்காது. அந்தக் கெட்ட ராசி இருந்ததால என் வீடு தப்புச்சு."

அதுக்கப்புறம் ஆமை மாடத்தி வீட்டு முத்தத்துல முருங்கை மரத்தடியில இருந்துச்சு. அவ அதை வீட்டுக்குள்ள தூக்கிட்டுப் போகலை. "புகுத்த மாட்டேன், புகணும்னா தானாப் புகட்டும்"னு சொல்லிட்டா. அது கொம்பையா கொண்டு வந்த கீரையைத் தின்னும், இவ பேச வந்தா தலையை உள்ள இழுத்துக்கிடும். "அப்படியே அவுக மாதிரி"ம்பா மாடத்தி.

ஐப்பசி மழை பிடிச்சுது. ஒரு நாள் காலையில மாடத்தி அடுப்பை ஊதிக்கிட்டிருக்கா, வாசல்ல சரசரன்னு சத்தம். திரும்பிப் பாத்தா, ஆமை நனைஞ்ச முதுகோட வாசப்படியில ஏறுது. வழுக்கி விழுது, திரும்ப ஏறுது, திரும்ப விழுது, ஏறி உள்ள வந்துருச்சு. மாடத்திக்கு நம்பிக்கை வரலை. வழி தவறி வந்திருக்கும், வெளிய போக வழி தேடுதுன்னு நினைச்சு, எந்திரிச்சுப் போயிக் கொல்லைக் கதவையும் திறந்து விட்டா. "போகணும்னா இப்படிப் போ தாயி, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்"னா. அது கொல்லைக் கதவுப் பக்கம் திரும்பவே இல்லை. அடுப்பங்கரைக்கு வந்து அவ காலோரத்துல உக்காந்து, தலையை வெளிய நீட்டி அவளைப் பாத்துச்சு.

மாடத்தி அழுதா. அப்படி அழுதா. அப்புறம் மூக்கைச் சிந்திட்டு, "இதுதான் தாயி உனக்குப் புகுந்த வீடு. வலது காலை எடுத்து வச்சுத்தான வந்த? உனக்கு ரெண்டு வலது காலு இருக்கே, எதை முதல்ல வச்ச?"ன்னு கேட்டா.

அந்த வீடு விளங்காமப் போகும்னு ஊரு காத்துக்கிட்டே இருந்துச்சு. ஓடு சரியலை, கிணறு வத்தலை, முருங்கை காய்க்காம இருக்கலை. மாடத்தி கிழவியாகி நல்லபடியாப் போய்ச் சேந்தா, சாகும்போது ஆமையை நினைச்சு அவளுக்கு ஒரு கவலையும் கிடையாது. கொம்பையா போய்ச் சேந்தான், அவன் மகன் போய்ச் சேந்தான், பேரனுக்குப் பல்லு விழுந்துருச்சு. கீரை மட்டும் இன்னைக்கு வரைக்கும் அந்த வீட்டுக்குப் போய்க்கிட்டேதான் இருக்கு.

அதனால, அடுத்த வீட்டுக்குள்ள எதையும் புகுத்தப் பாக்காதிய, அது தீனி போட்ட கையைத் தேடித் திரும்ப வந்துரும். ஆமையும் உள்ள போயிருச்சு, கதையும் உள்ள போயிருச்சு, நீங்களும் போர்வைக்குள்ள தலையை இழுத்துக்கிடுங்க.