மாசானம் கல்யாணத்துக் கெட்டிமேளம்

நத்தைமேட்டுக்காரர்கள் புத்திசாலிகள். நான் சொல்லவில்லை. அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள், மறுத்துப் பேச வெளியூர்க்காரர்கள் அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை.

அந்த ஊர் மாசானத்துக்குக் கருவேலம்பாறையில் பெண் பார்த்தார்கள். பெண் பேர் பேச்சித்தாய். கெட்டிக்காரி. அவளுக்கு மாசானத்தைப் பிடித்துவிட்டது. ஏன் என்று அவளைப் பெற்றவர்களுக்கே இன்றுவரை விளங்கவில்லை.

பெண்ணின் அப்பா கருத்தமுத்து ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "கெட்டிமேளம் முழங்காம என் பொண்ணு கழுத்துல தாலி ஏறாது. சத்தமில்லாம நடந்தா நாளைக்கு ஒருத்தனும் கல்யாணம்னு நம்ப மாட்டான். மேளம் இல்லேன்னா பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போய்க்கிட்டே இருப்பேன்."

அதுவோ அந்த மாதத்தின் கடைசி முகூர்த்தம். எந்த மேளக்காரரும் கிடைக்கவில்லை. மாசானம் சோறு தண்ணி இறங்காமல் கிடந்தான். கூட்டாளிகள் மூன்று பேரும், அதாவது கொம்பையா, சங்கிலி, உச்சிமாகாளி, பார்த்தார்கள். நாமே தவில் கற்றுக்கொண்டால் என்ன என்று கிளம்பினார்கள்.

பக்கத்து டவுனில் தவில் வாத்தியார் சிதம்பரநாதர் நல்ல மனுஷன். கதையைக் கேட்டு, தன்னிடமிருந்த பழைய தவில் ஒன்றை இரவலாகக் கொடுத்தார்.

"எடுத்த எடுப்புல தோலைத் தொடாதீங்க. முதல்ல தொடையில தட்டிப் பழகுங்க. கை பேசணும். அப்புறம்தான் தவில். தோல் தொய்ஞ்சு போச்சுன்னா கொஞ்ச நேரம் வெயில்ல வைங்க."

ஊர் வந்ததும் முதல் சந்தேகம் சங்கிலிக்கு வந்தது. "தொடைன்னாரு. யார் தொடை?"

கொம்பையா கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தான். அவன் வானத்தைப் பார்த்தால் முடிவு வரப்போகிறது என்று அர்த்தம்.

"அவனவன் தொடைன்னா, வலிக்குமேன்னு கை பின்வாங்கும்லே. அடுத்தவன் தொடைன்னாதான் கை தைரியமாப் போகும்."

"வாத்தியார் லேசுப்பட்ட ஆள் இல்லப்பா" என்றான் உச்சிமாகாளி.

மூவரும் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு அடுத்தவன் தொடையில் வாசித்தார்கள். ஒருவன் ஓங்கி அடித்தால் அடி அப்படியே சுற்றி வந்து அவனிடமே சேர்ந்தது. அதனால் எல்லோருக்கும் சீக்கிரம் தாளம் வந்துவிட்டது. நடைதான் போய்விட்டது. மூவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு ஊருக்குள் நடமாடினார்கள்.

பிறகு தவிலைத் தட்டிப் பார்த்தார்கள். 'தொப்' என்றது.

"தொய்ஞ்சிருக்கு. வெயில்ல வைக்கணும்."

களத்துமேட்டில் உச்சி வெயிலில் கொண்டுபோய் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் சங்கிலி கண் கலங்கினான். "இரவல் வாங்கிட்டு வந்த சாமானை இப்படிக் காய விடுதோமே. நம்ம சொந்தத் தவிலா இருந்தா விடுவோமா?" உடனே ஒரு குடை கொண்டுவந்து, மாறி மாறித் தவிலுக்குப் பிடித்தார்கள். சாயங்காலம் மூவரும் காய்ந்திருந்தார்கள். தவில் 'தொப்' என்றது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் கொம்பையா மறுபடியும் வாத்தியாரிடம் போய்க் கேட்டான். "கெட்டிமேளம் எப்போய்யா அடிக்கணும்?"

"தாலி ஏறும்போது. அதுக்கு முன்னாடி அடிச்சா அபசகுனம்."

அதே நேரம் இங்கே மாசானத்துக்கு அவன் தாய்மாமா சொல்லிக்கொண்டிருந்தார். "தலையைக் குனிஞ்சுக்கோ. மேளம் கேட்டதும் எதிர்ல கட்டு. அதுவரைக்கும் கையை அசைச்சே, கொன்னுருவேன்."

மறுநாள் மணவறை. பூசாரி தாலியை எடுத்துக் கொடுத்து, "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்றார்.

மாசானம் குனிந்த தலை நிமிராமல் தாலியோடு காத்திருந்தான். தவில்காரர்கள் குச்சியோடு காத்திருந்தார்கள்.

"அடிங்கலே!" என்றார் பூசாரி.

"தாலி ஏறலையே சாமி" என்றான் கொம்பையா பணிவாக.

"டேய் மாசானம், கட்டுடா!"

"மேளம் கேக்கலையே சாமி."

இரண்டு பக்கமும் நியாயம் இருந்ததால் ஊர்க்காரர்கள் இரண்டாகப் பிரிந்து பேசினார்கள். தாலியைப் பாதி கட்டினால் மேளத்தைப் பாதி அடிக்கலாம் என்று ஒருவர் சமரசம் சொன்னார். முதல் பாதியை யார் தொடங்குவது என்பதில் அதுவும் நின்றுபோனது.

"ராகுகாலம் வரப்போவுது. எந்திரி தாயி, போவோம்" என்று கருத்தமுத்து துண்டை உதறித் தோளில் போட்டார். மாசானத்தின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு தாலியின் மேல் விழுந்தது. அப்போதும் அவன் கையை அசைக்கவில்லை.

பேச்சித்தாய் எழுந்தாள். ஆனால் அப்பா பக்கம் போகவில்லை.

"அந்தத் தவிலை இங்க கொண்டாங்கண்ணே."

சங்கிலி தூக்கி வந்தான். வைக்க இடமில்லை. முகூர்த்த நேரத்தில் பெண் உட்காரும் பலகை காலியாக இருக்கக்கூடாது என்பது அவனுக்குத் தெரியும். அதனால் தவிலை அந்தப் பலகையில் வைத்தான். பேச்சித்தாய் குச்சியைப் பிடுங்கி ஓங்கி ஒரு அடி கொடுத்தாள்.

'தொப்.'

மேளம் கேட்டதும் மாசானம் எதிரில் கட்டினான். தவில் வாரில் நிதானமாக மூன்று முடிச்சு. பெண்கள் குலவையிட்டார்கள். அட்சதை விழுந்தது. அதற்குப் பிறகுதான் அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"நீ ஏன் நிக்கே?" என்று பேச்சித்தாயைக் கேட்டான்.

"அவுருடா அதை!" என்று பாய்ந்தார் கருத்தமுத்து.

கொம்பையா குறுக்கே விழுந்தான். "ஏறின தாலியை இறக்கச் சொல்லுதீரே, நீரெல்லாம் பெரிய மனுஷனாய்யா? அந்தப் பிள்ளை என்ன பாவம் பண்ணிச்சு?"

ஊரே தலையாட்டியது. அக்கினி சாட்சியாக நடந்தது நடந்துவிட்டது. தவில் நத்தைமேட்டு மருமகள்.

"அப்போ என் கதி?" என்றாள் பேச்சித்தாய்.

"ரெண்டாந்தாரமா வரலாம். மூத்தவ சம்மதிக்கணும்" என்றார் தாய்மாமா.

பேச்சித்தாய் அப்பாவைப் பார்த்தாள். மாசானத்தைப் பார்த்தாள். குனிந்து தவிலின் மேல் காதை வைத்தாள்.

"அக்கா சரிங்கிறா."

தாலிதான் அக்கா கழுத்தில் இருக்கிறதே! ஒரு மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கோத்து மாசானத்தின் கையில் கொடுத்தார்கள். பேச்சித்தாய் அக்காவை ஒட்டி அதே பலகையில் உட்கார்ந்தாள். சங்கிலி தவிலை அடிக்கக் குச்சியை ஓங்கினான். கொம்பையா அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வீட்டுக்கு வந்த பிள்ளையை முதல் நாளே கைநீட்டி அடிப்பியா? இந்த ஊர்ல அந்தப் பழக்கம் உண்டாலே?"

சங்கிலி வெட்கத்தில் குச்சியைக் கீழே போட்டான்.

"அப்போ மேளம்?" என்றார் கருத்தமுத்து.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேட்டியைச் சுருட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்தார்கள். ஆனால் யாரும் தொடங்கவில்லை. "தாலி ஏறட்டும்" என்றான் உச்சிமாகாளி.

பேச்சித்தாய் பலகையிலிருந்தே எட்டி, கைக்கெட்டிய கொம்பையாவின் தொடையில் பளாரென்று ஒன்று வைத்தாள். அது சுற்றி வந்தது. அப்படி ஒரு கெட்டிமேளத்தை அந்த வட்டாரமே கேட்டதில்லை. அலறல் நாதஸ்வரம் போலவே இருந்தது. மாசானம் இந்தத் தடவை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே கட்டினான். கருத்தமுத்து மூக்கைச் சிந்தியபடி அட்சதை போட்டார்.

சில நாள் கழித்து வாத்தியார் தவிலைத் திருப்பிக் கேட்க வந்தார். தவில் பட்டுச்சேலை சுற்றிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு, நடுவீட்டில் உட்கார்ந்திருந்தது. அவர் வாயைத் திறக்குமுன் மாசானம் நெடுஞ்சாண்கிடையாகக் காலில் விழுந்தான்.

"ஆசீர்வாதம் பண்ணுங்க மாமா."

வாத்தியார் காப்பியைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். பெண்ணைப் பெற்ற மனசு, பார்த்ததும் தாங்கவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

தலைதீபாவளியன்று விடியற்காலையில் வாத்தியார் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. திறந்தார். மாசானம் புதுத்துணிக்காக நின்றுகொண்டிருந்தான், தவிலை இடுப்பில் வைத்துக்கொண்டு. லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பேச்சித்தாய் தான் நனைந்தாலும் பரவாயில்லை என்று அக்காவுக்குக் குடை பிடித்திருந்தாள்.