புதுசு கலையாத ஃபில்டர்

“காத்தே வரலையேம்மா!” என்றார் பூவராகன்.

அம்மா என்பது செங்கமலத்தம்மா. ஜவ்வாது மலையடிவாரத்தில், கல்குவாரிக்குப் பக்கத்தில், நாலு தென்னையும் ஒரு ஓட்டுக் கட்டடமும் சேர்ந்து ஆசிரமம் என்று பெயர் வாங்கியிருந்தன. அதற்கு அவர்தான் குரு.

பூவராகன் சீடர். தாலுகா ஆபீஸில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். குருவைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஆசிரமத்துப் பிக்கப் வண்டியை ஓட்டுவதும் அவர்தான்.

அன்றைக்கு நாலு மணிக்கு ஜோலார்பேட்டையில் ரயில். அம்மா வடக்கே கிளம்புகிறார். திரும்பி வரலாம், வராமலும் போகலாம். ஒன்பது வருஷமாகப் பூவராகன் தனக்கு ஒரே ஓர் உபதேசம் சொல்லும்படி கேட்டுக்கொண்டிருந்தார். போகிற வழியில் வண்டியில் பேசிக்கொள்ளலாம் என்று அம்மா சொல்லியிருந்தார்.

“ஏசியில காத்து வந்தா வண்டியில வரேன். இல்லைன்னா ரெண்டு மணி பஸ். போன தடவை உங்க வண்டிக்குள்ள மூச்சு முட்டிப் பாதி சமாதி ஆயிட்டேன்.”

“ஜன்னலைத் திறந்துக்கலாமேம்மா?”

“திறந்தா குவாரி உள்ள வந்து மடியில உட்காருது.”

பூவராகன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“மூணு மெக்கானிக் பார்த்தாச்சும்மா. மோட்டார் சரி, கேஸ் சரி.”

“ஃபில்டர்?”

“அது புதுசு! போன ஆடியில நானே பக்கத்துல நின்னு மாத்தினேன்.”

“மூணு பேரும் அதை எடுத்துப் பார்த்தாங்களா?”

“புதுசுன்னு நான் சொன்னேனே. அப்புறம் எதுக்குப் பார்க்கணும்?”

“எனக்கு எடுத்துக் காட்டுங்க,” என்றார் அம்மா. வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, மடியில் வேர்க்கடலையைக் கொட்டிக்கொண்டார்.

ஏசிக் காற்றைத் தூசி வடிகட்டி அனுப்பும் அந்த ஃபில்டர் இருந்த இடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முன்சீட்டுக்கு எதிரே இருக்கும் டேஷ்போர்டு டப்பாவுக்குப் பின்னால் ஓர் இரும்புப் பட்டை. பட்டைக்குப் பின்னால் ஒரு மூடி. மூடிக்குப் பின்னால் ஃபில்டர். அதை அங்கே வைத்தவன் மனிதக் கையைக் கண்ணால் பார்த்தவன் இல்லை. யாரோ போனில் வர்ணித்திருக்கிறார்கள். நடுவில் லைன் கட்டாகியிருக்கிறது.

பூவராகன் தலையைக் கீழே விட்டு, காலைச் சீட்டுமேல் போட்டு, தலைகீழாகப் படுத்தார். சீட்டு கிறீச்சிட்டது. வண்டி வந்து மூன்று வருஷம். கம்பெனி போட்டு அனுப்பிய பிளாஸ்டிக் உறையை இன்னும் அவர் எடுக்கவில்லை. சித்திரை வெயிலில் அதில் உட்கார்ந்து எழுந்தால், தோலில் பாதியை வைத்துக்கொண்டுதான் அனுப்பும்.

முதலில் டப்பாவைக் காலி செய்தார். பதினாறு விபூதிப் பொட்டலம், ஒரு டார்ச், மூன்று கண்ணாடிக் கூடு. கடைசியில் உள்ளங்கை அளவில் ஓர் அட்டை. அதை மட்டும் கண்ணில் ஒற்றி டேஷ்போர்டு மேல் வைத்தார்.

“அது என்ன?” என்றார் அம்மா.

“நீங்க குடுத்ததும்மா! நான் வந்த முதல் நாள். காலண்டர் தாள்ல என்னமோ எழுதி, நாலா மடிச்சு, வச்சுக்கங்கன்னு குடுத்தீங்களே. வேர்வை பட்டுடும்னு மறுநாளே லேமினேஷன் பண்ணிட்டேன். மடிப்புகூடக் கலையலை பாருங்க.”

“பிரிச்சுப் பார்த்தீங்களா?”

“ரட்சையை யாராவது பிரிப்பாங்களாம்மா?”

அம்மாவின் கையில் ஒரு கடலை பாதியில் நின்றது. அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு கடலையை உடைத்தார்.

டப்பாவின் இரண்டு பக்கத்தையும் அமுக்கினால் கழன்று வரும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. பூவராகன் அமுக்கினார். அது கழன்று அவர் மூக்கில் விழுந்தது.

“வந்துடுச்சா?”

“வந்துச்சு. மூக்கு மேல.”

பட்டையில் இரண்டு திருகுகள். ஒன்று நல்லபடியாக வந்தது. இன்னொன்று, பார்த்தால் கை போகாது, கை போனால் பார்க்க முடியாது.

“அம்மா, இதைப் பண்ணினவன் வீடு விளங்குமா?”

“அவரு வீட்டுல காத்து நல்லா வருதோ என்னமோ.”

“கிண்டலாம்மா? என் கை கிழிஞ்சு போச்சு!”

“மணி பன்னெண்டு.”

அப்போது அவர் விட்ட பெருமூச்சில் விபூதி கிளம்பி, மூன்று மைல் தள்ளி மேய்ந்த மாடுகள்கூடப் பக்தியாக நின்றன என்று அந்தப் பக்கத்தில் இன்றைக்கும் சொல்வார்கள்.

இரண்டாவது திருகு வந்தது. வந்த வேகத்தில் சீட்டுக்கு அடியில் போனது. அதைத் தேட அரைமணி. மூடியின் கொக்கியை நெம்ப அரைமணி. ஒரு கொக்கி உடைந்தது. பூவராகன் தாலுகா ஆபீஸில் முப்பது வருஷம் சேர்த்து வைத்திருந்த கெட்ட வார்த்தைகளில் நாலைந்தை வெளியே எடுத்தார். குருவுக்கு முன்னால் என்பதால் குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டார்.

“காதுல விழுந்துச்சு,” என்றார் அம்மா.

“மன்னிச்சுடுங்கம்மா.”

“ரெண்டாவது சொன்னது புதுசா இருந்துச்சு.”

ஒன்றரை மணிக்கு, முழங்கை வரை உள்ளே விட்டு, ஃபில்டரை வளைத்து, திருகி, இழுத்தார். வந்துவிட்டது.

பூவராகன் தலைகீழாகவே ஜெயித்த குரலில் கத்தினார்.

“பாருங்கம்மா! நான்தான் சொன்னேனே! புத்தம் புதுசு! பால் மாதிரி வெள்ளை! ஒரு பொட்டுத் தூசி உண்டா?”

வெளியே வந்து நீட்டினார்.

ஃபில்டர் வெள்ளையாகத்தான் இருந்தது. அதன்மேல் கடையில் வாங்கியபோது இருந்த பிளாஸ்டிக் உறையும் இருந்தது. உறையின் மறுபக்கத்தில் ஒரு விரல் கனத்துக்குக் குவாரித் தூசி.

அம்மா அதைப் பார்த்தார்.

“மெக்கானிக் உறையைக் கிழிக்கப் போனான்,” என்றார் பூவராகன். குரல் இறங்கிக்கொண்டே வந்தது. “நான்தான்... அப்படியே போடுப்பா, புதுசாவே இருக்கட்டும்னு...”

அம்மா ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டார்.

பூவராகனின் விரல்கள் ரத்தத்தில் வழுக்கின. உறை கிழியவில்லை. பல்லால் கடித்துக் கிழித்தார்.

ஃபில்டரைத் திரும்ப வைத்தார். மூடி, பட்டை, டப்பா எல்லாம் ஏறின. ஒரு திருகு மட்டும் கையில் மிச்சம் நின்றது. எந்த வண்டியைக் கழற்றிப் பூட்டினாலும் ஒன்று மிஞ்சத்தான் செய்யும். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பினார்.

காற்று வந்தது. ஒரு வருஷக் காற்றும் சேர்ந்து வந்ததுபோல வந்தது. அவருடைய துண்டு பறந்து பின்சீட்டில் போய் உட்கார்ந்தது.

அம்மா பையை எடுத்துக்கொண்டு வந்தார். பூவராகன் ஏறச் சொல்லவில்லை. சீட்டைப் பார்த்தார். பிறகு உறுமிக்கொண்டே சீட்டு உறையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கிழித்து வெளியே எறிந்தார்.

அம்மா ஏறி உட்கார்ந்தார். சீட்டில் கிறீச்சென்ற சத்தமே இல்லை.

வண்டி புறப்பட்டது. குவாரி லாரிகள் தாண்டிப் போயின.

“காத்து வந்துடுச்சும்மா.”

“ம்.”

“உபதேசம்?”

அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

“ஒன்பது வருஷம்மா! இன்னைக்கு விட்டா இல்லை. மூக்கு உடைஞ்சிருக்கு, கை கிழிஞ்சிருக்கு. ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சிடும்?”

ஸ்டேஷனுக்கு முந்தின ரயில்வே கேட்டில் வண்டி நின்றது. மூன்று இருபது.

டேஷ்போர்டு மேல் வைத்த அட்டையைப் பூவராகன் திரும்ப உள்ளே வைக்க மறந்திருந்தார். ஏசிக் காற்றில் அது மெல்ல நகர்ந்தது. ஸ்டீயரிங் பக்கம் வழுக்கி வந்து அவர் மடியில் விழுந்தது.

பூவராகன் அதை எடுத்தார். வெயிலுக்கு நேராகப் பிடித்தார். நாலாக மடித்த தாளுக்கு உள்ளே பேனா எழுத்து மங்கலாகத் தெரிந்தது. ஒரே வரிதான்.

காலடியில் பல்லால் கிழித்த ஃபில்டர் உறை கிடந்தது. அதையும் பார்த்தார்.

“அம்மா... இது ரட்சை இல்லையா?”

“ரட்சைன்னு நான் சொன்னேனா?”

ஒரு கூட்ஸ் ரயில் தடதடவென்று போனது. கேட் திறந்தது. முன்னால் நின்ற வண்டிகள் எல்லாம் போய்விட்டன. பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரனை அமுக்கியவன் கையை எடுக்கவே இல்லை.

பூவராகன் வண்டியை எடுக்கவில்லை. அட்டையின் ஓரத்தைக் கடைவாய்ப் பல்லில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார்.

செங்கமலத்தம்மா ஜன்னல் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே லாரிப் பக்கம் நீட்டினார்.

“ஒன்பது வருஷமா நானே பொறுத்திருக்கேன்! உனக்கென்னய்யா அவசரம்?”