தளவாயைச் சுமந்த குதிரை

முன்னொரு காலத்தில், குதிரைகளுக்கு இருந்த புத்தி அதிகாரிகளுக்கு வாய்க்காத ஒரு நாட்டில், ராஜாவுக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. தன் மைத்துனன் நரசிங்கன் குதிரையேறி வருவதைக் கண்குளிரப் பார்க்க வேண்டும்! அதுவரை பல்லக்கைத் தவிர எதிலும் ஏறியறியாத அந்த ஆசாமியைக் குதிரைப்படைக்குத் தளவாயாக்கி, கடல் கடந்து வந்த பால்வண்ணன் என்ற வெள்ளைக் குதிரையையும் கொடுத்தார்.

குதிரையின் இடப்புறம் நின்று, இடது காலை அங்கவடியில் வைத்து ஏறுவதுதான் லாயத்து வழக்கம். தளவாயோ, "நல்ல காரியத்துக்கு வலது காலைத்தான் முதலில் வைப்பேன்" என்று பிடிவாதம் பிடித்தார். வைத்தார். ஏறி உட்கார்ந்தால் எதிரே வால் இருந்தது. சபையோர் எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். அரண்மனைச் சோறு சாப்பிடுகிறவர்கள் வேறு எதைப் பார்ப்பார்கள்? விகடகவி கோனேரி ஒருவன்தான் வாய்விட்டுச் சிரித்தான்.

அந்தச் சிரிப்புக்கு அடி வாங்கியது குதிரை. வாயில் முள் வைத்த கடிவாளம், வயிற்றில் பட்டினி. நடந்தாலும் சாட்டை, நின்றாலும் சாட்டை. பத்தே நாளில், தளவாயின் செருப்புச் சத்தம் கேட்டாலே பால்வண்ணன் காதுகளைப் பின்னுக்கு மடக்கிக்கொண்டு நடுங்கியது. பதினோராம் நாள் அவரைத் தூக்கிச் சாணக்குழியில் போட்டது. செய்தி கேட்டுக் கோனேரி முதலில் சந்தோஷத்தில் குதித்தான். அப்புறம்தான் குதிரையின் உயிரை நினைத்துப் பயந்தான்.

பயந்தபடியே ஆயிற்று. "மன்னா, இது ராஜத்துரோகக் குதிரை. வெட்ட உத்தரவிடுங்கள்" என்றார் தளவாய்.

"குற்றம் குதிரையிடம் இல்லை, அரசே" என்றான் கோனேரி.

தளவாய் இதற்காகத்தான் காத்திருந்தார். "அப்படியானால் இவனே பழக்கட்டும். நாளைக் காலை அது என்னைச் சுமந்து இந்த முற்றத்தை மூன்று முறை வலம் வரட்டும். வராவிட்டால் குதிரைக்கு வாள், இவனுக்கு ஐம்பது சாட்டையடி."

"அப்படியே ஆகட்டும். கோனேரி, எப்படிச் செய்கிறாய் என்று நான் கேட்கமாட்டேன். குதிரை மைத்துனரைச் சுமக்க வேண்டும், அவ்வளவுதான்" என்றார் ராஜா.

கோனேரி லாயத்துக்குப் போனான். குதிரைக்காரன் இருளப்பன் அதன் வாய்ப்புண்ணுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.

"ஒரே நாள்ல என்னங்க பண்ண முடியும்? அந்த மனுசன் நடந்து வந்தாலே இது மிரளுதே!"

"பாரம் ஏற்றினால்?"

"புல்லுக்கட்டு ஏத்தினா பசு மாதிரி போகுங்க. அடிக்காம இருந்தா இது ஏன் மிரளப்போவுது?"

கோனேரியின் முகம் தெளிந்தது.

மறுநாள் காலை, தளவாய் முற்றத்தில் பல்லக்கை விட்டு இறங்கியதும், கோனேரி ஏற்பாடு செய்திருந்த நாலு தடியர்கள் அவரைக் கோரைப்பாயில் வைத்துச் சுருட்டினார்கள். வாயில் அவருடைய பட்டு அங்கவஸ்திரத்தையே திணித்து, கயிறு போட்டுக் கட்டி, பால்வண்ணன் மேல் குறுக்கே போட்டார்கள். கடிவாளம் இல்லை. இருளப்பன் உள்ளங்கையில் ஒரு பிடி கொள்ளு ஏந்தி முன்னே நடந்தான். குதிரை காதை நிமிர்த்திக்கொண்டு, மூன்று சுற்றும் நிதானமாக வந்து நின்றது. பாய்க்குள்ளிருந்து மட்டும் "ம்ம்! ம்ம்!" என்று சத்தம் வந்தது.

"கோனேரி! என்ன அக்கிரமம் இது?" என்று அதட்டினார் ராஜா.

"தங்கள் கட்டளைதான், அரசே. குதிரை சுமக்க வேண்டும் என்றீர்கள், சுமந்துவிட்டது. தளவாய் ஓட்ட வேண்டும் என்று தாங்கள் சொல்லவில்லையே! அதே குதிரை, அதே தளவாய். கட்டிப்போட்டது இவரை; திருந்தியது அது."

ராஜாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "என்ன வேண்டும், கேள்!" என்றார்.

"லாயத்தை இருளப்பனிடம் கொடுங்கள். தளவாயாருக்குக் கோட்டை வாசல் கற்குதிரை போதும். பல்லக்குத் தூக்கிகளை மட்டும் அவரிடம் ஒப்படைத்துவிடாதீர்கள். கால் இருந்தும் உதைக்க முடியாத ஜீவன்கள், பாவம்."

அப்படியே நடந்தது. ஒரு மாதம் கழித்து, கற்குதிரையின் காது உடைந்துவிட்டதாகச் சபைக்குச் சேதி வந்தது.

"அது என்ன குற்றம் செய்ததாம்?" என்று கேட்டார் ராஜா.

"எவ்வளவு அடித்தும் நகரவில்லையாம், அரசே" என்றான் கோனேரி.

ராஜா சிம்மாசனம் குலுங்கச் சிரித்து, கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டார்.