கையில் சுற்றிய வார்

இந்தக் கதையில் குரு சின்னவர், சீடர் பெரியவர். மாற்றி நினைத்துக்கொள்ள வேண்டாம்.

குருவுக்கு நாற்பது வயசு இருக்கும். ஊசிக்கரடு என்கிற பாறைக்குன்றின் அடிவாரத்தில் ஓடு வேய்ந்த சின்ன மடம் அவருடையது. பெற்றவர்கள் வைத்த பேர் என்னவோ, ஊர் வைத்த பேர் கடுகுச்சாமி. ஆள் பொடி. சூடு பட்டால் வெடிப்பார். மந்திரிக்கச் சொல்லி வந்தவரை முதலில் போய்க் குளித்துவிட்டு வரச்சொல்லி விரட்டியதும் உண்டு. ஆனால் வயதில் மூத்த யாரையும் அண்ணா என்றுதான் கூப்பிடுவார். திட்டினாலும் அண்ணா போட்டுத்தான் திட்டுவார்.

சீடர் செங்காளியப்பனுக்கு அறுபது தாண்டிவிட்டது. ஒரு காலத்தில் ரேக்ளா பந்தயத்தில் அவர் வண்டியை முந்த ஆளில்லை. பிடிகயிற்றை உள்ளங்கையில் ரெண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, பின்னால் சாய்ந்து, பந்தயம் தொடங்கக் கொடி விழுகிற வரைக்கும் காளைகளை இறுக்கிப் பிடித்திருப்பார். பிடித்ததை விட்டுப் பழக்கமில்லாத கை அது.

அந்தக் கைதான் வினையாயிற்று. ஒரே மகன் குணசீலன், கோயம்புத்தூரில் மோட்டார் பட்டறை வேலைக்குப் போகிறேன் என்றான். போகக்கூடாது என்றார். வாய்ப்பேச்சு வாசலுக்கு வந்துவிட்டது. மகன் தோளில் பை. இவர் அந்தப் பையின் வாரைப் பிடித்துக்கொண்டார். அவன் இழுக்க, இவர் இழுக்க, வார் பையிலிருந்து கழன்று இவர் கையோடு வந்துவிட்டது. அவன் பையைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி மாரோடு தூக்கிக்கொண்டு போனான். போனவன் போனவன்தான். பொங்கல் வந்து போயிற்று, மாரியம்மன் நோம்பி வந்து போயிற்று, அவன் வரவில்லை. வாரை மட்டும் இவர் மடியில் வைத்துக்கொண்டு திரிந்தார்.

மடத்துக்கு வந்த அன்றைக்கே கேட்டுவிட்டார்.

"பையன் வூட்டுக்கு வரோணும் சாமி. அதுக்கொரு வழி சொல்லுங்க."

மந்திரமோ தாயத்தோ கிடைக்கும் என்று நினைத்திருந்தார். சாமி வேப்பமரத்தடியைக் கை காட்டினார். அங்கே செவலை கட்டிக்கிடந்தது. கோம்பை நாய், நல்ல செம்மண் நிறம். அவிழ்த்தால் போதும், பிடித்த ஆளை இழுத்துக்கொண்டு ஓடும். போன மாசம் கயிற்றோடு பிய்த்துக்கொண்டு ஓடி, பக்கத்தில் ஆடு வளர்க்கிற பழனாத்தாளின் பட்டியில் விழுந்து, ஒரு குட்டிக்குக் கால் ஒடிந்துபோனது. இன்னொரு தரம் இந்த நாயை என் ஆட்டுக்கிட்ட பார்த்தால் எலிமருந்து வைத்துவிடுவேன் என்று அவள் மடத்து வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். செய்யக்கூடியவள்தான்.

"இதைக் கூட்டிக்கிட்டுக் கரட்டை ஒரு சுத்து வாங்கண்ணா. கயிறு இறுகக் கூடாது. அன்னைக்குச் சொல்றேன்."

செங்காளியப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. நான் கேட்டது என்ன, இவர் சொல்வது என்ன. பந்தயக் காளை ரெண்டை ஒற்றைக் கையில் நிறுத்தினவனிடம் நாயைக் கொடுக்கிறார். சரி, ஒரே நாளில் முடித்துக் காட்டுகிறேன் என்று கயிற்றை உள்ளங்கையில் ரெண்டு சுற்றுச் சுற்றினார்.

முதல் நாள் மடத்துக் கேட்டைத் தாண்டியதுமே குப்புற விழுந்தார். முட்டி தேய்ந்தது. தேங்காய்நார்க் கயிறு கையை அறுத்துவிட்டது. மறுநாள் இரும்புச் சங்கிலி. அதற்கும் நாய் அசரவில்லை. நாக்குத் தொங்க, கண் பிதுங்க இழுத்தது. இவரும் விடாமல் இழுத்தார். ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் கெட்ட வார்த்தையில் பேசிக்கொண்டே போவது மாதிரி இருக்கும், பார்க்கிறவர்களுக்கு.

கரட்டுச் சரிவில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பழனாத்தாள் கத்திக் கேட்டாள். "ஏனுங் மாமா, வண்டியை வூட்டிலயே வுட்டுட்டு வந்துட்டீங்களா?"

அன்றைக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை அவருக்கு.

டவுனில் கோழித் தீவனம் விற்கிற கடையில் நாய்ச் சாமான்களும் வைத்திருந்தார்கள். போய் நின்றார். கடைக்காரர் முதலில் தோல் பட்டை காட்டினார். இதெல்லாம் சாதுவான நாய்க்கு என்றார் இவர். இழுத்தால் கழுத்தைச் சுருக்குகிற சங்கிலியைக் காட்டினார். இன்னும் வேறே என்றார் இவர். கடைக்காரர் யோசித்துவிட்டு, உள்ளேயிருந்து முள்ளுப்பட்டையை எடுத்து வந்தார். உள்பக்கம் பூரா இரும்பு முள். இழுத்தால் குத்தும்.

மறுநாள் அதைப் போட்டுக் கூட்டிப்போனார். செவலை வழக்கம்போலப் பாய்ந்தது. ஒரு சத்தம் போட்டது. அப்புறம் பாயவில்லை. வாலை வயிற்றுக்கடியில் செருகிக்கொண்டு, ஒரு அடி வைத்து நின்று, ஒரு அடி வைத்து நின்று வந்தது. பாதி வழி போய்த் திரும்பிவிட்டார். நெஞ்சு நிமிர்ந்து வந்து சாமியிடம் சொன்னார்.

"இன்னைக்கு இழுக்கலீங்க சாமி."

சாமி நாயைப் பார்த்தார். அது இருமியது. கழுத்து மயிரை விலக்கினார். ரத்தம் காய்ந்து கட்டியிருந்தது.

பட்டையைக் கழற்றித் தன்னுடைய முன்கையில் மாட்டிக்கொண்டார். சங்கிலியைச் செங்காளியப்பன் கையில் கொடுத்தார்.

"இழுங்கண்ணா."

"வேண்டாமுங்க சாமி."

"காத்தால எந்த வேகத்துல இழுத்தீங்களோ, அதே வேகத்துல."

"நோகுமுங்க."

"ஆருக்கு?"

இவர் சங்கிலியைக் கீழே போட்டுவிட்டார். சாமி பட்டையைக் கழற்றிக் குப்பைக்குழியில் வீசினார். வீசின வேகத்தில் அவருடைய துண்டும் தோளைவிட்டு விழுந்தது.

"நாய் நடக்கலீங்ண்ணா. பயந்துபோய் நிக்குது. அதை நடந்துச்சுன்னு எங்கிட்ட வந்து சொல்றீங்க."

செங்காளியப்பனுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. வயசில் சின்னவன், நாய்க்காக என்னைப் பேசுகிறான். கயிறு போட்டாகிவிட்டது, சங்கிலி போட்டாகிவிட்டது, டவுனுக்கும் போய் வந்தாகிவிட்டது. ஒரு நாளாவது நீங்கள் இதைப் பிடித்து நடந்திருக்கிறீர்களா, உட்கார்ந்த இடத்தில் இருந்துகொண்டு சொல்வது யாருக்கும் சுலபம் என்று கத்தித் தீர்த்துவிட்டார். குரு என்றும் பார்க்கவில்லை.

சாமி குனிந்து துண்டை எடுத்தார். ஒரு முனையைச் செங்காளியப்பன் கையில் கொடுத்தார். மறுமுனையைத் தான் பிடித்தார். பிடித்தவர் வெடுக்கென்று இழுத்தார்.

இவரும் இழுத்துவிட்டார். பந்தயக் கை இல்லையா. பொடி ஆளான சாமி இழுபட்டு வந்து இவர் நெஞ்சில் மூக்கை மோதிக்கொண்டார்.

மூக்கைத் தடவிக்கொண்டே சாமி கேட்டார்.

"நான் இழுத்தேன். நீங்க ஏனுங்ண்ணா இழுத்தீங்க?"

"நல்லாக் கேட்டீங்க. ஒருத்தர் இழுத்தா எவனாச்சும் கூடவே வருவானுங்களா?"

சொன்னது அவர் காதிலேயே திரும்ப விழுந்தது.

சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மஞ்சள் அரைக்கப் போய்விட்டார். நாய்க் கழுத்துக்குப் பூசுவதற்கு.

புண் ஆறுகிறவரைக்கும் செவலையை வெளியே கூட்டிப்போகவில்லை. செங்காளியப்பன்தான் மஞ்சள் பூசினார். பூசும்போதும் கோபமாகத்தான் இருந்தார். யார்மேல் என்றுதான் தெரியவில்லை. ஒருநாள் கேட்டருகே சும்மா நின்றவர், கயிறு பிடித்த மாதிரி கையை வைத்துப் பார்த்தார். கை தானாக ரெண்டு சுற்றுச் சுற்றியது. உடம்பு பின்னால் சாய்ந்தது. பந்தயக் கோட்டில் நிற்கிற அதே நிலை. கயிறு இறுகினால் பாய வேண்டும் என்று எத்தனையோ காளைக்குப் பழக்கிவிட்ட நிலை. தினம் இந்த வாசலில் நின்று நாய்க்கும் அதையேதான் சொல்லியிருக்கிறார். அது சொன்னபடி கேட்டிருக்கிறது. அதற்காக இவர்தான் அதைப் புண்ணாக்கியிருக்கிறார்.

திரும்பவும் டவுன் கடைக்குப் போனார். கழுத்தைத் தொடாத ஒன்று வேண்டும் என்றார். கடைக்காரர் நெஞ்சுப்பட்டை எடுத்துக் காட்டினார். முன்னங்கால் ரெண்டையும் சுற்றி வருகிறது, நெஞ்சுக்கு நேரே ஒரு வளையம். அந்த வளையத்தில் மாட்டினால், நாய் இழுக்கும்போது முன்னால் போகாது, உடம்பு திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கும் என்று சொன்னார். அக்குளில் உரசாமல் ரெண்டு விரல் நுழைகிற அளவுக்கு விட்டுக் கட்டுங்கள் என்றும் சொன்னார். பிடித்து நடக்க வார் என்றால் கடையில் இருந்ததெல்லாம் சங்கிலிதான். சங்கிலியைப் பார்க்கவே இவருக்குப் பிடிக்கவில்லை. மடியிலிருந்து மகனுடைய பை வாரை எடுத்தார். முனையில் கொக்கி இருந்தது. வளையத்தில் மாட்டினார். டக்கென்று மாட்டிக்கொண்டது.

வாரைக் கையில் சுற்றாமல் பிடிக்கக் கற்றுக்கொள்வதே பெரும்பாடாக இருந்தது. நாய் இழுத்தால் நிற்பார். மரம் மாதிரி நிற்பார். வார் தொய்ந்தால் நடப்பார். நாய் திரும்பி வந்து இடதுகால் பக்கம் நின்றால் மடியிலிருந்து ஒரு வறுத்த கடலை. அவ்வளவுதான் வித்தை. ஆனால் வெயில் ஏறி, பழனாத்தாள் ஆடு ஓட்டி வருகிற நேரத்திலும் அவர் கேட்டுக்கு எதிரிலேயே நின்றுகொண்டிருப்பார்.

"ஏனுங் மாமா, நாய் உங்களைக் கட்டிப்போட்டுட்டுப் போயிருச்சா?"

பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். வாய்க்கு வந்ததையெல்லாம் முழுங்கினார். ஒருநாள் முழுங்க முடியவில்லை. மயில் ஒன்று குறுக்கே ஓட, செவலை பாய, இவர் பழைய வேகத்தில் வெட்டி இழுத்துவிட்டார். நெஞ்சு வளையம் நாயைச் சுழற்றித் திருப்பியது. அது அவர் முகத்துக்கு நேரே நின்று பார்த்தது. திட்ட ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். இப்படித் திரும்பிப் பார்க்காமல், முதுகைக் காட்டிக்கொண்டே போன ஒருத்தன் ஞாபகம் வந்தது. கீழே உட்கார்ந்துவிட்டார். நாய் வந்து மடியில் மூக்கை விட்டுக் கடலை தேடியது.

ஆடி பிறந்து காற்று அடிக்கிற ஒரு காலையில் கேட்டைத் தாண்டினார்கள். புளியமரத்தைத் தாண்டினார்கள். கரட்டின் பின்பக்கம் போய்த் திரும்புகிற இடத்தில், சரிவு பூரா பழனாத்தாளின் ஆடுகள். கால் ஒடிந்து கட்டுப்போட்டிருந்த குட்டியும் நொண்டிக்கொண்டு முன்னாலேயே நின்றது. அவள் தடியைக் கையில் எடுத்துவிட்டாள்.

செவலையின் காது நட்டுக்கொண்டது. உடம்பு முறுக்கியது. செங்காளியப்பனின் கையும் முறுக்கியது. சுற்று, சுற்று என்றது கை. சுற்றவில்லை. நின்றார். வார் நடுவில் தொங்கி, காற்றில் ஆடியது.

நாய் ஆட்டைப் பார்த்தது. அவரைப் பார்த்தது. திரும்பி வந்து இடதுகாலோரம் நின்றது.

பழனாத்தாள் தடியைக் கீழே வைக்கவில்லை. முகத்தை மட்டும் வேறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

"போங்க, போங்க. நின்னு வேடிக்கை காட்டாதீங்க. ஆடு மேயோணும்."

மடத்து வாசலில் சாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். செங்காளியப்பன் வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

"ஒரு சுத்து வந்தாச்சுங்க சாமி. வார் இறுகலை."

சாமி தலையாட்டினார்.

"இப்பச் சொல்லுங்க. பையனை எப்பிடி வரவைக்கறது?"

சாமி கீரையை ஓரமாக வைத்தார். எழுந்து வந்து செவலையின் நெஞ்சிலிருந்து கொக்கியைக் கழற்றினார். வாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது ஏதுங்ண்ணா?"

செங்காளியப்பன் சொன்னார். வாசலில் நடந்ததை முதல்முறையாக இன்னொருத்தரிடம் சொன்னார். அவன் இழுத்தான் என்று ஆரம்பித்தார். கொஞ்சம் நிறுத்தி, நான்தான் முதலில் பிடித்தேன் என்றார்.

"பை அவன்கிட்ட. வார் உங்ககிட்ட. அவன் எப்பிடிண்ணா பையைச் சுமப்பான்?" என்றார் சாமி. "கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க."

"குடுத்துட்டு, அப்பிடியே கூட்டிட்டு வந்தர்றனுங்க."

சாமியின் கண் சிவந்தது.

"குடுத்துட்டு வரச் சொன்னேன்."

"வரமாட்டேன்னுட்டா என்னுங்க பண்றது? அதுக்கு இத்தனை நாளா இந்த நாய்கூட..." செங்காளியப்பனின் குரல் ஏறிவிட்டது. "அவனில்லாம நான் மட்டும் திரும்பி வர்றதுக்கா சாமி?"

"வாரைக் குடுத்துட்டு வரச் சொன்னேன். அவனை வாங்கிட்டு வரச் சொல்லலீங்ண்ணா."

சாமி வாரை அவர் கையில் வைத்துவிட்டுக் கீரைக்குப் போய்விட்டார்.

செங்காளியப்பன் கோபமாகத்தான் கேட்டுக்கு நடந்தார். அவிழ்த்துவிட்ட செவலை இடதுகாலோரமே கேட்டுவரைக்கும் வந்தது. அவர் கவனிக்கவில்லை. கை பழைய பழக்கத்தில் வாரை ரெண்டு சுற்றுச் சுற்றியிருந்தது.

கோயம்புத்தூர் பஸ் வருகிற சத்தம் கேட்டபோதுதான் கையைப் பார்த்தார்.

ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தார்.