செம்பாறை நாட்டின் முழு விவரம்

"முடிச்சுட்டேன் தாயே. ஒரு நாட்டையே முடிச்சுட்டேன்."

அரியநாயகம் மூச்சு வாங்க வந்து நின்றார். வயது அறுபத்திரண்டு. கையில் தலையணை கனத்துக்கு ஓலைச்சுவடிக் கட்டு.

மாதங்கி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவருக்கு மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் அவள்தான் குரு, அவர்தான் சீடர். அந்த மலையடிவாரத்தில் அதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை.

"எந்த நாடு?"

"செம்பாறை நாடு. நாளைக்கு நாங்க கிளம்பிப் போற நாடு. நீங்க பிறந்த நாடு."

"உட்காருங்க ஐயா."

மனுஷர் உட்காருகிற நிலையிலா இருந்தார்? யானைக் கொட்டாரம் கட்ட அவர் ஊரை ராஜா எடுத்துக்கொண்டு மூன்று வருஷக் கெடு கொடுத்திருந்தார். அந்தக் கெடு முடிந்தது, விடிந்ததும் காலி செய்ய வேண்டும். எண்பது குடும்பம் மூட்டை கட்டியாகிவிட்டது. மலை தாண்டி அவர்களை அழைத்துப் போவதும், அங்கே பேசி இடம் கேட்பதும் இவர் பொறுப்பு. அங்கே கதவைச் சாத்திவிட்டால், திரும்பி வர ஊர் இருக்காது.

அதற்காகத்தான் மூன்று வருஷமாக எழுதினார். போகிற வருகிற வியாபாரிகளையெல்லாம் பிடித்து உலுக்கிக் கேட்டு எழுதினார். எழுத எழுத இங்கே வந்து மாதங்கிக்கு வாசித்தும் காட்டினார்.

"எது வேணும்னாலும் கேளுங்க," என்றார்.

"மலை எத்தனை?"

"ஏழு. ஆறு ரெண்டு. ரெண்டுலயும் நாலு மாசம்தான் தண்ணி."

"ராஜாக்கள்?"

"முப்பத்தொரு பேர். பெரிய சண்டை ஒண்ணே ஒண்ணு. பகைவர்கள் விருந்தாளி வேஷத்துல வந்து கிணத்துலயெல்லாம் விஷத்தைக் கலந்துட்டாங்க. பாதி நாடு செத்துப்போச்சு. அதுக்கே இருபது ஏடு எழுதியிருக்கேன்."

"பிழைப்பு?"

"வரகு, பருத்தி, ஆட்டுக் கம்பளி. உப்பு மட்டும் வெளியே இருந்து வரணும். அறுப்பு முடிஞ்சா ஒன்பது நாள் திருவிழா. கல்யாணப் பொண்ணுக்கு நீலச் சேலை. பறை அடிச்சா கிழவனும் ஆடுவானாம் தாயே."

சொல்லச் சொல்ல அவர் குரல் ஏறியது. கேட்பவர்கள் இன்றைக்கே கிளம்பிவிடுவார்கள், அப்படிச் சொன்னார்.

"பிரமாதம்," என்றாள் மாதங்கி. மெய்யாகவே சொன்னாள். "தொண்டை வறண்டிருக்குமே."

உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் கை நீட்டினார். அவளோ தான் ஒரு மிடறு குடித்துவிட்டு, அப்புறம்தான் அவரிடம் நீட்டினாள்.

அரியநாயகத்துக்கு முகம் சுருங்கிப்போயிற்று. குருதான், இருந்தாலும் எச்சில். வாங்கினார். மரியாதையாகத் திரும்பிக்கொண்டு கீரைப் பாத்தியில் ஊற்றினார். வேறு தண்ணீருக்குச் செம்பை நீட்டினார்.

"போச்சு," என்றாள்.

"என்ன போச்சு?"

"எண்பது குடும்பமும்."

அவர் விழித்தார்.

"எல்லையில முதல் வீட்டுக்காரி உங்களுக்கு இப்படித்தான் தண்ணி தருவா. நீங்க இப்படித்தான் ஊத்துவீங்க. அப்புறம் அந்த நாட்டுல ஒருத்தரும் உங்ககிட்ட முகம் கொடுத்துப் பேச மாட்டாங்க."

"வந்தவனுக்கு எச்சிலையா தருவாங்க? இது என்ன வழக்கம்?"

"பாதி நாடு விஷத்துல செத்த பிறகு, ஒருத்தர் தர்ற தண்ணியை இன்னொருத்தர் எப்படி ஐயா நம்பிக் குடிப்பார்?"

அவர் கையிலிருந்த செம்பைப் பார்த்தார்.

"அப்போ, விஷமா இருந்தா முதல்ல அவ..."

உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது அவருக்கு. கண்ணில் நீர் முட்டியது.

"மூணு வருஷமா வந்தேனே. ஏன் தாயே சொல்லலை?"

"நீங்கதானே சொல்லிக்கிட்டிருந்தீங்க."

சுவடிக் கட்டை அங்கேயே போட்டுவிட்டு ஓடினார். அந்த வயதுக்கு அது ஓட்டம்தான்.

ஊர் நடுவில், வண்டிகளுக்குப் பக்கத்தில், பொன்னுருவி என்பவள் குடத்தோடு நின்றிருந்தாள். அதை வாங்கிச் சரித்து ஒரு மிடறு குடித்தார். அவளிடமே நீட்டினார்.

"என்ன ஐயா, எச்சிலை என்கிட்ட நீட்டுறீங்க?"

கூட்டம் சேர்ந்துவிட்டது. செம்பாறை நாட்டைப் பற்றி இவர் பேசிப் பேசிக் காது புளித்துப்போன கூட்டம். ஆனால் இவர் முகத்தில் இப்படியொரு சந்தோஷத்தை அவர்கள் கண்டதில்லை.

"எல்லாரும் உட்காருங்கப்பா," என்றார். "நாளைக்குப் போற நாட்டைப் பத்தி இதுவரைக்கும் உங்களுக்கு நான் ஒண்ணுமே சொல்லலை."