அங்கப்பனின் துண்டு

நான் பொன்னாத்தாள். காங்கயத்துக்குத் தெற்கே இருக்கிற பாறைக்காட்டு மடத்தில் பதினோரு வருஷமாகச் சோறாக்குகிறேன். மடத்துச் சாமியாரிடம் கேள்வி கேட்க வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. பாதிப் பேர் பதிலைக் கையோடு கொண்டுவருவார்கள். சாமி தலையாட்ட வேண்டும், அவ்வளவுதான். அங்கப்பனும் அன்றைக்கு அப்படித்தான் வந்தார்.

எங்கள் சாமிக்கு நாற்பத்திமூன்று வயசு. மடத்துக்கு வருவதற்கு முன்னால் கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தார். அவர் அப்பா மாட்டுத் தரகர். அங்கப்பனுக்கு அறுபத்தொன்று. இத்தனை வயசு மூத்தவர் சாமி காலடியில் உட்கார்ந்து பாடம் கேட்பதைப் பார்த்து ஊரே மூக்கில் விரல் வைத்தது.

அங்கப்பனைத் தெரியாதவர் இந்தப் பக்கம் கிடையாது. பதினைந்து வயசில் சந்தையில் மாட்டுக்குக் கயிறு பிடித்தார். அப்புறம் தரகர், அப்புறம் புண்ணாக்குக் கடை, அப்புறம் தீவன மில். மூட்டைக்குக் ‘காராம்பசு’ என்று பேர் வைத்து, மேலே தன் படத்தையும் போட்டார். பால் சொசைட்டித் தலைவரானார், ஒன்றியச் சேர்மன் ஆனார், இரண்டு தடவை எம்.எல்.ஏ. ஆனார். எவன் வீட்டில் மாடு செத்தாலும் இவர் கார் அங்கே போய் நிற்கும். அந்த ஆளை எனக்குப் பிடிக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். தேர்தலுக்கு அவர் ஆட்கள் எங்கள் மடத்துச் சுவரிலேயே எழுதினார்கள்: ‘வாயில்லா ஜீவனுக்கு அங்கப்பனே வாய்.’ நான்தான் ஏணி எடுத்துக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை அவர் மந்திரியாகப் பதவியேற்க வேண்டும். அவர் மடத்துக்கு வந்தது திங்கள்கிழமை.

அதற்கு முன் பத்து நாளாக எங்கள் ஊர்களில் மாடு விழுந்துகொண்டிருந்தது. தீனி எடுக்காது, கண் மஞ்சள் பூக்கும், சினை கலையும், படுத்தால் எழுந்திருக்காது. ஏதோ புது நோய், டாக்டர்கள் வருவார்கள், யாரும் பயப்பட வேண்டாம் என்று அங்கப்பன் பேப்பரில் சொல்லியிருந்தார். அவர் சொன்னால் சரிதான் என்று இருந்தோம். மாடு இளைத்தால் நாங்கள் என்ன செய்வோம்? தீவனத்தை ஒரு படி சேர்த்து வைப்போம். அதைத்தான் வீட்டுக்கு வீடு செய்தோம். என் தம்பி ராக்கியப்பனுக்கு இரண்டு கறவை போய்விட்டது. மடத்தில் எங்கள் செவலைப் பசு ஏழு மாசச் சினை. அதுவும் இரண்டு நாளாகத் தீனியை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது.

அங்கப்பன் வந்தபோது வாசலில் நாற்பது பேர் நின்றார்கள். சிலர் கையில் மாலை, சிலர் கையில் மாட்டுக் கயிறு. எல்லோரையும் கும்பிட்டார். உள்ளே வந்து கதவைத் தானே சாத்தினார். மோர் கொடுத்தேன், வாங்கிக் கீழே வைத்தார், குடிக்கவில்லை. மந்திரியாகப் போகிறவருக்கு நம் மோர் இறங்குமா என்று எனக்குச் சுருக்கென்றது. தொழுவத்துக்கும் அவர்கள் உட்கார்ந்திருந்த வேப்பமரத்துக்கும் நடுவே பத்தடிதான். நான் செவலைக்குத் தண்ணி காட்ட வாளியில் தீவனம் ஊறவைத்துக்கொண்டே காதைத் தீட்டிக்கொண்டேன்.

ரொம்ப நேரம் பதவியேற்பு விழாவைப் பற்றியே பேசினார். சாமி கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில்தான் வந்த விஷயம் வந்தது.

“சாமி, ஒருத்தன் வாயைத் திறக்காம இருந்தா, அது பொய்யாகுங்களா?”

“எத்தனை நாளைக்கு?”

“மூணு நாளைக்கு. வியாழக்கிழமை தாண்டிட்டாப் போதும். அப்புறம் நானே எல்லாத்தையும் சரி பண்ணிருவேன்.”

“மூணு நாள்ல என்ன ஆகும்?”

அங்கப்பன் வாசல் பக்கம் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வெயிலும் இல்லை, வேர்வையும் இல்லை.

சாமி அந்தத் துண்டை வாங்கித் தன் வலது கை மேல் போட்டுக்கொண்டார்.

“கையைக் குடுங்கண்ணா.”

மாட்டுச் சந்தை பார்த்தவர்களுக்கு இது தெரியும். விலையை வாயால் பேச மாட்டார்கள். துண்டை மேலே போட்டு, உள்ளே கையோடு கை கோத்து, விரலை அழுத்தித்தான் கணக்கு. சுற்றி நிற்கிற எவனுக்கும் ஒன்றும் தெரியாது. வாயால் ஆயிரம் புளுகுகிற தரகன்கூடத் துண்டுக்குள் புளுக மாட்டான். விரலில் பொய் சொன்னவனுக்கு அடுத்த வாரம் சந்தையில் ஒருத்தரும் கை கொடுக்க மாட்டார்கள்.

அங்கப்பன் கொஞ்சம் தயங்கினார். அப்புறம் கையைத் துண்டுக்குள் விட்டார்.

சாமி குனிந்து அவர் காதில் ஏதோ கேட்டார். எனக்குக் கேட்கவில்லை. துண்டு அசைந்தது. இன்னொன்று கேட்டார். துண்டு மறுபடி அசைந்தது. அங்கப்பன் முகம் சுண்டிக்கொண்டே வந்தது. மூன்றாவதாகச் சாமி கேட்டதற்குத் துண்டு அசைந்தது, நிற்கவில்லை, அசைந்துகொண்டே இருந்தது. என்ன விலை இது, இத்தனை நேரமா என்று தீவனம் கலக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தேன்.

சாமி கையை எடுத்துக்கொண்டார். துண்டு கீழே விழுந்தது. அவர் நேராகத் தொழுவத்துக்கு வந்து செவலையின் கயிற்றை அவிழ்த்தார்.

“அக்கா, மாட்டுக்குத் தண்ணி காட்டுங்க.”

“ஊறிட்டே இருக்குதுங்க சாமி.”

“எந்த மூட்டை?”

“அண்ணன் போன வாரம் மடத்துக்குக் குடுத்தனுப்புன மூட்டைதானுங்க. தீனி எடுக்க மாட்டேங்குதுன்னு ஒரு படி சேத்தே போட்டிருக்கறேன்.”

வாளியைத் தூக்கி வந்து, அங்கப்பன் உட்கார்ந்திருந்த இடத்துக்கு எதிரிலேயே வைத்தேன். சாமி செவலையை அங்கே பிடித்து வந்தார். மாடு நின்று வாளியைப் பார்த்தது. நான் கழுத்தைத் தடவிக் கொடுத்து, குடி தாயி, வயித்துல கன்னு இருக்குதல்ல, ஒரு வாய் குடி என்று கெஞ்சினேன். இரண்டு நாளாக முகத்தைத் திருப்பிய மாடு, என் பேச்சுக்கு மதிப்புக் கொடுத்தமாதிரி தலையைத் தாழ்த்தியது.

சாமி அங்கப்பனைப் பார்த்துக்கொண்டே நின்றார். அங்கப்பன் வாளியைப் பார்த்தார். அவர் உதடு திறந்தது, மூடியது. செவலை மூக்கை நீட்டியது.

அங்கப்பன் எழுந்து வந்து வாளியை எட்டி உதைத்தார்.

தீவனமெல்லாம் மண்ணில் கொட்டி என் சேலையெல்லாம் தெறித்தது. மாடு மிரண்டு பின்வாங்கியது. எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றுமே விளங்கவில்லை. அப்புறம் கொட்டிக் கிடந்ததைப் பார்த்தேன், அவர் முகத்தைப் பார்த்தேன், விளங்கிவிட்டது.

“நனைஞ்ச மக்காச்சோளம்,” என்றார். “பூஞ்சை புடிச்சிருச்சு. காய வெச்சு அரைச்சாப் போயிரும்னு நெனச்சேன்.”

அவரைத் திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. “என் கையாலயே வெச்சனுங்களே அண்ணா. ராக்கியப்பன்கிட்டயும் நான்தான் சொன்னேன், ஒரு படி சேத்து வைடான்னு.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குச் சாமி மேலும் ஆத்திரம் பொங்கியது. தெரிந்தே வாயில்லா ஜீவனை நஞ்சுக்கு எதிரில் நிறுத்துவாரா ஒருத்தர்? கேட்டுவிட வேண்டும் என்று திரும்பினேன். அப்போதுதான் அவர் கையைப் பார்த்தேன். கயிற்றை நான்கு சுற்றுச் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தார். எத்தனை எக்கினாலும் செவலையின் வாய் வாளிக்கு எட்டியிருக்காது. கயிறு அறுத்து அவர் உள்ளங்கை சிவந்திருந்தது.

அங்கப்பன் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். மில்லில் முந்நூறு குடும்பம் பிழைக்கிறது, மில்லை மூடிவிட்டால் அவர்கள் எங்கே போவார்கள் என்றார். இந்தப் பதவிக்கு நாற்பது வருஷம் காத்திருந்ததைச் சொன்னார். மூணு நாள்தானே என்று மறுபடியும் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினார்.

“துண்டுக்குள்ள உங்ககிட்டச் சொல்லிட்டனுங்களே சாமி,” என்றார். “ஒண்ணு விடாமச் சொல்லிட்டேன். எத்தனை லோடு, எத்தனை ஊரு, இனி எத்தனை மாடு விழும்னு எல்லாமே சொல்லிட்டேன். பொய் சொல்லலீங்க.”

சாமி கயிற்றுச் சுற்றைக் கையிலிருந்து பிரித்தார். செவலையைக் கொண்டுபோய்க் கட்டினார்.

வாசல் கதவை யாரோ தட்டினார்கள். அண்ணன் கிளம்பிவிடுவாரோ என்ற பயம் அவர்களுக்கு. டாக்டர் எப்போது வருவார் என்று கேட்டார் ஒருத்தர். நேரமாகிறது, மாட்டுக்குத் தண்ணி காட்டப் போக வேண்டும் என்று ஒரு பொம்பளை சொன்னது எங்கள் மூன்று பேருக்கும் நன்றாகக் கேட்டது.

அங்கப்பன் எழுந்தார். கீழே கிடந்த துண்டை எடுத்து இரண்டு தடவை உதறினார். மேடை ஏறுவதற்கு முன்னால் எப்போதும் போடுகிறமாதிரி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். முகத்தைக்கூடச் சரிசெய்துகொண்டார். போய்க் கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தார்.

“அண்ணா,” என்றார் சாமி.

திரும்பிப் பார்த்தார்.

“துண்டை வெச்சுட்டுப் போங்க.”