துரோவ்காவில் காய்த்த பூசணிக்காய்

பதினெட்டாயிரத்து நானூறு ரூபாய். கிருபாபுரம் சபைக்கு யேசுவடியான் கொடுக்க வேண்டியிருந்த ஏலக் கடன் அது. ஒரே ஒரு பூசணிக்காய்க்கு.

செம்மணல் தேரிக்காட்டு ஓரத்து ஊர் கிருபாபுரம். யேசுவடியான் அங்கே கான்கிரீட் வேலைக்குச் சட்டி சுமந்தவர். சிமெண்டு தின்று தின்று விரல் நுனிகளில் ரேகையே கிடையாது. காலையில் முதல் சட்டியைத் தலைக்கு ஏற்றும்போது "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்பார். கடைசிச் சட்டியை இறக்கும்போதும் அதையே சொல்வார். நடுவில் எத்தனை சட்டி என்று எண்ண மாட்டார். எண்ணினால் பாரம் கூடும் என்பார்.

அறுப்பின் பண்டிகையில் ஜனங்கள் காணிக்கையாகக் கொண்டுவரும் காய், கோழி, தேங்காய் எல்லாவற்றையும் கோயில் வாசலில் ஏலம் விடுவது அந்த ஊர் வழக்கம். பொருளின் விலைக்காக யாரும் கேட்பதில்லை. அந்தப் பணம் ஊழியத்துக்குப் போகிறது, அதற்காகக் கேட்பார்கள். கேட்ட தொகையை அடுத்த பண்டிகைக்குள் கட்ட வேண்டும்.

அந்த வருஷம் வெளியூர் ஊழியர் ஒருவர் வந்திருந்தார். ரஷ்யாவில் லேனா ஆற்றங்கரையில் துரோவ்கா என்றொரு சிற்றூர் இருக்கிறது, அங்கே ஐந்து வாலிபப் பிள்ளைகள் கூடி ஜெபிக்கிறார்கள், அவர்களைப் போய்ப் பார்க்க ஒருவரும் இல்லை என்று சொன்னார். ஏலப் பணம் அந்தப் பிள்ளைகளுக்கு என்றதும் யேசுவடியானுக்குக் கண் நிறைந்துவிட்டது. அடுத்து வந்தது பூசணிக்காய். கையைத் தூக்கிவிட்டார்.

அவரிடம் வேலை வாங்கும் கான்ட்ராக்டர் அருமைராஜுக்கு இது வேடிக்கையாகப் பட்டது. இவர் நூறு என்றால் அவர் ஐந்நூறு என்றார். இவர் விடவில்லை. ஏறிக்கொண்டே போயிற்று. கான்ட்ராக்டர் "பதினெட்டாயிரம்!" என்று சொல்லிவிட்டு மீசையைத் தடவினார். யேசுவடியான் கண்ணை மூடிக்கொண்டு மேலே நானூறு வைத்தார். கான்ட்ராக்டர் கையை உதறிக்கொண்டு சிரித்தார்.

"ஒமக்கே வச்சுக்கிடும்வே! பூசணிக்காய்க்கு வீட்ட விக்கப் போறீராக்கும்?"

"பூசணிக்காய்க்கு இல்ல அண்ணாச்சி. அந்தப் பிள்ளைகளுக்கு."

வாசலே சிரித்தது. அன்றிலிருந்து ஊரில் அவர் பெயர் பூசணி.

மனைவி சொர்ணம் காயை வெட்டிக் குழம்பு வைத்தார். "இம்புட்டு வெலையில ராசா கூட கொழம்பு தின்னுருக்க மாட்டான்" என்று சொல்லிக்கொண்டே விதைகளைக் கழுவிச் சுளகில் காயப்போட்டார். அடுத்த பண்டிகை வந்தது. கடன் நின்றது. பாக்கிக்காரர்களின் பெயரைச் சபையில் வாசித்தபோது பின்வரிசையில் யாரோ "பூசணி" என்றார்கள். யேசுவடியான் எழுந்து நின்று, "கட்டிருவேன்" என்று மட்டும் சொல்லி அமர்ந்தார். மனிதர் மறந்தாலும், பிள்ளைகளுக்காகச் சொன்னதற்கு ஆண்டவர் கணக்குக் கேட்பார் என்பது அவருடைய பயம்.

ரஷ்யாவில் கட்டட வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஏஜெண்டு ஒருவர் வந்தார். யேசுவடியான் வரைபடத்தில் லேனா ஆறு எங்கே என்று கேட்டார். வேலை நடக்கும் நகரமும் அதே ஆற்றின் கரையில்தான் இருந்தது. மறு பேச்சு பேசாமல் கையெழுத்துப் போட்டார். புறப்படும்போது பூசணி விதைகளை ஒரு துணியில் முடிந்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அங்கே தண்ணீர் கல்லாகிவிடும் குளிர். கான்கிரீட்டுக்கே கம்பளி போர்த்துவார்கள். சம்பளத்தில் ஏஜெண்டுக்குப் போனது போக, வீட்டுக்கு அனுப்பியது போகக் கொஞ்சம் மிஞ்சியது. அதைக் கடனுக்கென்று ஒதுக்கினார். முதல் விடுமுறையில் ஆறு உறைந்து பாதையாகிக் கிடந்தபோது, மாவு மூட்டை ஏற்றிய லாரியில் இடம் கேட்டு துரோவ்காவுக்குப் போனார். ஒதுக்கிய பணம் வண்டிக்கூலியானது.

"மொதல்ல கடன அடைங்க, பெறவு ஊழியஞ் செய்யலாம்" என்று போனில் சொர்ணம் கடிந்துகொண்டார்.

"கடனே இந்தப் பிள்ளைகளுக்குத்தானட்டி. அவங்களப் பாக்காம எப்படி?"

ஐந்து பேர் மூன்று பேராகியிருந்தார்கள். ரொட்டிக்கடையில் வேலை பார்க்கும் வேரா என்ற பெண்ணின் சமையலறையில் கூடினார்கள். இனிக் கூட வேண்டாம் என்று அன்றுதான் முடிவு செய்திருந்தார்கள். யேசுவடியானுக்குப் பிரசங்கம் வராது. வேலையிடத்தில் கற்ற ரஷ்யப் பேச்சும் அரைகுறை. அரிசி பொங்கி, பருப்புக் குழம்பு வைத்துப் பரிமாறினார். காரத்தில் மூவருக்கும் மூக்கு ஒழுகியது. பிறகு, "எங்க ஊர்ல ஒங்களுக்காக ஜெபிக்கிறோம்" என்றார்.

வேரா கரண்டியைக் கீழே வைத்தாள். "எங்க பேரெல்லாம் அங்க தெரியுமா?"

"தெரியாதும்மா. அதக் கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்."

அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கூட்டம் நின்றுபோகவில்லை. மாதம் ஒருமுறை அவர் போனார்; கடனுக்கு ஒதுக்கியதெல்லாம் வழிச்செலவானது. அவர்களைக் கூட்டிக்கொண்டு பக்கத்து ஊர்களுக்கும் போய், தனியாய்க் கிடந்த வாலிபர்களைத் தேடிப் பெயர் கேட்டார். 'தியாத்யா' என்று அவரை அழைத்தார்கள். நம் ஊரில் மாமா என்பது போல.

அவர் கொண்டுவந்த பூசணி விதைகளை வேரா சன்னலோரத் தகரடப்பாவில் முளைக்க வைத்து, கோடையில் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் நட்டாள். கொடி ஓடியது. ஒரே ஒரு காய் பிடித்தது, தேங்காய் அளவு. காலம் தப்பி வந்த பனியில் ஊர்த் தோட்டமெல்லாம் கருகியபோது அது மட்டும் பச்சையாய் நின்றது. கூடாரம் காத்தது என்றார்கள் அயலார். யேசுவடியான் மண்டியிட்டார்.

"எங்க ஊர் மாதிரி ஏலம் போடுவோம்" என்றார் அவர். இப்போது பன்னிரண்டு பேர். காயை மேசையில் வைத்து "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று தமிழிலேயே கூவினார். பிள்ளைகள் கைதட்டிக்கொண்டு தொகையை ஏற்றினார்கள். கடைசியாகக் கேட்டவள் வேரா. காயை அவள் கையில் கொடுத்தார். அப்போது மற்றவர்களும் வரிசையில் நின்று, தாங்கள் கேட்ட தொகையை ஆளுக்கு ஆள் மேசையில் வைத்தார்கள்.

"அய்யோ, ஜெயிச்சவங்க மட்டும் குடுத்தாப் போதும்" என்றார் யேசுவடியான்.

ஒரு பையன் புரியாமல் விழித்தான். "நானும் ஆண்டவர் முன்னால சொன்னேனே தியாத்யா. காய் கிடைக்கலன்னா, சொன்னது இல்லன்னு ஆயிருமா?"

அந்தப் பணத்தைக் கடனுக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவர் ஒரு காசு தொடவில்லை. கூடுகிற வீட்டுக்கு விறகு வாங்கவென்று ஒதுக்கி வைத்துவிட்டு, ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பினார். கையில் இருந்தது அந்தக் காயின் விதைகளும் சில நூறு ரூபாயும்தான்.

பண்டிகையில் பாக்கிப் பெயர் வாசித்தார்கள். யேசுவடியான் எழுந்தார். பிள்ளைகள் பன்னிரண்டு பேரின் பெயரையும் சொன்னார். ஏலம் நடந்த விதத்தைச் சொன்னார். "வெறுங்கையா வந்திருக்கேன். அடுத்த வருசத்துக்குள்ள கட்டிருதேன்" என்றார்.

முன்வரிசையில் கான்ட்ராக்டர் அருமைராஜ் எழுந்தார். இந்த முறை மீசையில் கை போகவில்லை. போதகரைப் பார்த்துச் சொன்னார்.

"ஐயரே, அன்னைக்கு நானும் பதினெட்டாயிரம்னு சொன்னம்லா. இந்த வாசல்ல நின்னுதான் சொன்னேன். வெளையாட்டுக்குச் சொன்னதுதான். ஆனா ஆண்டவர் காதுல விழுந்திருக்குமே. அது என் கடன். எழுதிக்கிடுங்க."

யேசுவடியான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கான்ட்ராக்டர் திரும்பிப் பார்த்தார். "நீரு சும்மா இரும்வே. ஒமக்கு மிச்சம் நானூறுதான்."

யேசுவடியான் பையைத் துழாவி நான்கு நூறு ரூபாய்த் தாள்களை எடுத்தார். ரேகையில்லாத விரல்களால் அவற்றை நீவிக் காணிக்கைத் தட்டில் வைத்து, "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றார். போதகர் கணக்கில் கோடு கிழித்தார்.

கிருபாபுரத்தார் இன்றும் அவரைப் பூசணி என்றுதான் அழைக்கிறார்கள். ஆனால் இப்போது தம் பிள்ளைகளை அவர் முன் கொண்டுவந்து, "இவன் பேரையும் சொல்லி ஜெபியும்" என்கிறார்கள். பேர் தெரியாதவர்களுக்காகப் பட்ட கடனை இப்படித் தீர்த்துவைத்த ஆண்டவருக்கு அந்த அடியாரின் பேர் நன்றாகவே தெரியும்.